ஆள் பஞ்சமும் வேலைப் பஞ்சமும்

சென்ற சித்திரையில் என் வீட்டு மாடியில் ஓர் அறை எழுப்பத் தொடங்கினேன். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்து நின்ற நாளன்று, வேலையை ஒப்புக்கொண்டிருந்த கொத்தனார் தம்முடைய கரண்டியையும் தூக்குக்குண்டையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, "ஐயா, கோவிச்சுக்காதீங்க, சிங்கப்பூருக்கு டெஸ்ட் அடிக்கப் போறேன், சென்டர்லயே தங்கிப் பழகணுமாம்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதினெட்டு வயதில் சித்தாளாகச் சேர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகளில் மேஸ்திரி என்று ஊரார் அழைக்கும் நிலைக்கு உயர்ந்த மனிதர். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். ஆனால் அந்தச் சுவர் நாற்பத்தேழு நாள் வெயிலில் நின்றது. கந்தர்வக்கோட்டையிலும் ஆதனக்கோட்டையிலும் கறம்பக்குடிப் பக்கத்திலும் எனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் விசாரித்தேன், எங்கும் ஒரே பதில்தான்: "ஆள் இல்லீங்க ஐயா."

இதே நாற்பத்தேழு நாளும் என் தமக்கையின் மகன், பொறியியற் பட்டம் பெற்று மூன்றாண்டு நிறைந்த பிள்ளை, எங்கள் வீட்டுத் திண்ணையிலேதான் இருந்தான். காலையில் கைப்பேசியைத் திறந்து நான்கு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்புவான். மாலையில் பேருந்து நிலையத்துக்கு எதிரேயுள்ள டீக்கடைக்கு என்னோடு வருவான். ஒரு நாள் அந்தக் கடைப் பெஞ்சில், துவாக்குடியில் இரும்பு வேலைப் பட்டறை வைத்திருக்கும் உறவினர் ஒருவர், "ஒரு நல்ல வெல்டர் கிடைக்க மாட்டேங்குறான் மாமா, ஆர்டரைத் திருப்பி அனுப்புற நெலமை" என்று என்னிடம் வருந்திக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்தாற்போல் அமர்ந்திருந்த ஒரு விவசாயி, தம் மகன் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு துணிக்கடையில் நிற்பதைச் சொல்லி, "வேலைன்னு ஒண்ணு கிடைச்சாத் தேவலை" என்றார். இருவரும் மெய்யே சொன்னார்கள். ஒரே பெஞ்சில் ஒரு முழ இடைவெளியில் இந்த இரண்டு வாக்கியங்களும் உட்கார்ந்திருந்த காட்சி என் மனத்தை விட்டு இன்றுவரை அகலவில்லை. முப்பது ஆண்டுக்காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு, இந்தக் கணக்கு எங்கே தவறியது என்று தேடிப் பார்க்கும் கடமை உண்டு என்று பட்டது.

நாட்டின் பொதுநிலையை முதலில் பார்க்கலாம். மத்திய அரசு 2017ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, 2017-18இல் 6.1 சதவீதமாக இருந்த வேலையின்மை 2023-24இல் 3.2 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்கிறது. இதைக் கேட்டு மகிழ்வதற்கு முன்னே, அதே கணக்கெடுப்பின் மற்றொரு பக்கத்தையும் திருப்ப வேண்டும்: பதினைந்து முதல் இருபத்தொன்பது வயது வரையிலான இளைஞரிடையே அந்த விகிதம் 10.2, உழைப்போரில் விவசாயத்தை நம்பியிருப்போர் 46.1 சதவீதம். 2018-19இல் 42.5 சதவீதமாக இருந்த விவசாயத்தின் பங்கு, தொற்றுநோய்க் காலத்தில் ஏறியதே தவிரப் பழைய நிலைக்கு இறங்கவில்லை. நகரத்துக் கதவு சாத்தப்பட்டபோது ஊருக்குத் திரும்பியவர்களில் பலர், அண்ணன் தம்பிமாரின் ஒரு குழி நிலத்தில் தாமும் ஒரு பங்காளியாய் நின்று, கணக்கெடுக்க வந்தவரிடம் "வேலை செய்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார்கள். அது பொய்யல்ல, ஆயினும் ஜீவனத்துக்குப் போதிய வேலையும் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் தில்லியிலுள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு விவரம் என்னைத் திடுக்கிடச் செய்தது: 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரி இளைஞரிடையே 29.1 சதவீதம். படிக்காதவன் எந்தக் கூலிக்கும் போயாக வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கிறான், படித்தவனுக்குச் சற்றுக் காத்திருக்கத் திண்ணை இருக்கிறது என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். சமாதானம் சரியே. என் தமக்கை மகனுக்கும் திண்ணை இருந்தது. ஆனால் திண்ணையில் கழியும் மூன்று ஆண்டு, ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளக்கூடிய மூன்று ஆண்டு என்பதை யார் அவனிடம் எடுத்துச் சொன்னார்கள்?

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. உயர்கல்விக்குச் செல்வோரின் மொத்த விகிதம் நாட்டிலே 28.4 ஆக இருக்க, நம் மாநிலத்திலே 47 என்று 2021-22ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது. பாதிப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். அது நான் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளும் விஷயம். மறுபுறம், ஒரு தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகளின் சராசரி 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி 1.4 ஆகிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு வகுப்புக்கு அறுபது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த பள்ளிகளில் இன்று இருபது பேரைச் சேர்க்கவே ஆசிரியர் வீடு வீடாய்ப் போக வேண்டியிருக்கிறது. தலைகள் குறைந்து, இருக்கும் தலைகளில் பாதி பட்டத்தை நோக்கித் திரும்பியிருக்கையில், கரண்டி பிடிக்கவும் கம்பி கட்டவும் ஆள் குறைவது இயற்கையே.

ஆனால் இந்த இயற்கைக் காரணத்தைப் பலர் ஏற்பதில்லை. ஜனங்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள், இலவச அரிசியும் நூறு நாள் வேலையும் வந்து உழைக்கும் எண்ணத்தைக் கெடுத்துவிட்டன என்னும் அபிப்பிராயம் எங்கள் டீக்கடையில் மட்டும் அல்ல, பெரிய சபைகளிலும் ஒலிக்கிறது. எல் அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் எஸ்.என். சுப்ரமண்யன், 2025 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ஒரு தொழில் மாநாட்டில், கட்டுமானத் தொழிலாளர்கள் வேலைக்காக இடம்பெயர மனங்கொள்வதில்லை, அரசின் நலத்திட்டங்கள் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்ற கருத்தில் பேசியது பத்திரிகைகளில் வந்து பெரிய விவாதமாயிற்று. பெரிய பெரிய பாலங்களையும் துறைமுகங்களையும் கட்டி எழுப்பும் ஒரு ஸ்தாபனத்தின் தலைவர் தம் அனுபவத்தைச் சொல்கிறார். அதை அலட்சியம் செய்ய நான் துணியமாட்டேன். ஆயினும் எங்கள் ஊரில் நின்று பார்க்கிறவனுக்கு அந்த வாதம் முதற்படியிலேயே இடறுகிறது. இடம்பெயர மாட்டோம் என்றவர்களா நாங்கள்? கந்தர்வக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வரைக்கும், இந்தப் பக்கம் பட்டுக்கோட்டை, மன்னார்குடி வரைக்கும், சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ ஓர் ஆளை அனுப்பாத தெருவைக் காட்டுவது அரிது. சென்னைக்குப் போக மறுப்பதாகச் சொல்லப்படும் அதே வாலிபன், மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தும், தகப்பனின் முக்கால் ஏக்கரை விற்றும், கடல் கடந்து போகிறான். அவனுக்குச் சோம்பல் இருந்தால் அது மூவாயிரம் கிலோமீட்டர் தூரத்துக்குள் எப்படித் தெளிந்துவிடும்?

அந்த டெஸ்ட் என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இந்த விஷயத்தின் நடு நரம்பு அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போக விரும்பும் இந்தியத் தொழிலாளி, விமானம் ஏறுவதற்கு முன்னே, அந்நாட்டுக் கட்டட, கட்டுமான ஆணையம் அங்கீகரித்த ஒரு தேர்வு மையத்தில் தன் கைத்திறனை மெய்ப்பிக்க வேண்டும். அப்படிப்பட்ட மையங்கள் தமிழ்நாட்டில் பல இயங்குகின்றன. கம்பி கட்டுதல், பலகையடித்தல், ஓடு பதித்தல், பூச்சு, குழாய் பொருத்துதல், மின்கம்பி அமைத்தல், வெல்டிங் என்று தொழில்வாரியாகப் பரீட்சை. வரைபடத்தைக் கையில் கொடுத்துக் குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கச் சொல்கிறார்கள். முடித்த வேலையை அளவுகோல் வைத்தும் மட்டம் வைத்தும் சோதிக்கிறார்கள். எங்கள் கொத்தனார் பன்னிரண்டு ஆண்டு சுவர் வைத்தவர். ஆனால் தம் வாழ்நாளில் முதன்முறையாக அவருடைய கையை ஒருவர் அளந்து பார்த்து, "இது தேறியது, இது தேறவில்லை" என்று எழுதிக் கொடுத்தது அந்த மையத்திலேதான். அதை அவர் என்னிடம் பிற்பாடு தொலைபேசியில் சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமிதத்தை, பத்தாம் வகுப்பில் முதன்மையாகத் தேறிய மாணவர்களின் குரலில்தான் நான் முன்பு கேட்டிருக்கிறேன்.

அங்கே போனபிறகும் அந்த அளவீடு நின்றுவிடுவதில்லை. தொழிலாளிகளை அடிப்படைத் தேர்ச்சியுடையவர், உயர்தேர்ச்சியுடையவர் என்று அந்நாட்டு அரசு பிரித்திருக்கிறது. நம்மவர்கள் ஆர் டூ, ஆர் ஒன் என்று பேசிக்கொள்வது அதைத்தான். ஓர் அயல்நாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி அரசுக்கு மாதந்தோறும் கட்ட வேண்டிய தீர்வை, 2024 ஜனவரி முதல் உயர்தேர்ச்சியுடையவனுக்கு 500 வெள்ளி, அடிப்படைத் தேர்ச்சியுடையவனுக்கு 900 வெள்ளி. இதன் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். தொழிலாளியைப் பயிற்றுவித்து மேல்படிக்கு ஏற்றினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம்; ஆகவே பயிற்சி என்பது அங்கே தர்ம காரியமாக நிற்காமல், லாபக் கணக்கில் ஒரு வரியாக ஏறிவிடுகிறது. நான் சிங்கப்பூரைச் சொர்க்கமாக வர்ணிக்க வரவில்லை. அங்கே விடுதி அறைகளில் நம்மவர் படும் நெருக்கடியும், முதல் ஓராண்டு உழைப்பு கடனுக்கே போவதும் நான் அறிந்தவை. எங்கள் குடும்பத்திலேயே ஒரு பிள்ளை, ஓர் இடைத்தரகரிடம் கொடுத்த பணத்தை இழந்து, பரீட்சை தேறிய தாளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இரண்டாண்டு அலைந்தான்; அந்தப் பணம் இன்றுவரை திரும்பவில்லை. இந்த அநியாயங்கள் இருந்தும் அவர்கள் போகிறார்கள் என்றால், கையின் திறனுக்கு ஒரு படியும் அந்தப் படிக்கு ஒரு விலையும் அங்கே இருப்பதும் அதற்கு ஒரு காரணம். அந்தப் படி இங்கே கொத்தனாருக்கு இல்லை.

இங்கே எந்தத் தொழிலுக்குமே அப்படி இல்லை என்று சொன்னால் அது தவறு. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பிரயாண தூரத்தில் திருவெறும்பூர் இருக்கிறது. 1960களில் அங்கே பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. அதைச் சுற்றித் துவாக்குடியில் நூற்றுக்கணக்கான பட்டறைகள் தோன்றின. கொதிகலனின் உயரழுத்தக் குழாய்களை இணைக்கும் வெல்டர், 1950ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் விதிகளின்படி பரீட்சை தந்து சான்று பெற்றாக வேண்டும். அவர் பற்றவைத்த மாதிரித் துண்டை ஊடுகதிரில் படம் எடுத்து, உள்ளே ஒரு குமிழியேனும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படித் தேறியவரை எச்.பி. வெல்டர் என்று அந்தப் பக்கத்தில் மரியாதையோடு சொல்வார்கள். சாதாரண வெல்டரின் கூலிக்கும் அவருடைய கூலிக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்தது. அவரைத் தேடிக் குஜராத்திலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் அழைப்பு வரும். கொதிகலன் வெடித்தால் உயிர் போகும் என்பதால் சட்டம் அந்தக் கையை அளந்தது. அளந்த காரணத்தால் அதற்கு விலை வந்தது. விலை வந்த காரணத்தால் பிள்ளைகள் அதைக் கற்க முன்வந்தார்கள். கூரை இடிந்தாலும் உயிர்தான் போகிறது. கொத்தனார் கையை ஏன் நாம் அளக்கவில்லை என்பதற்கு எனக்கு நியாயமான காரணம் ஒன்றும் அகப்படவில்லை.

அளக்கப்படாத கை கொத்தனாருடையது மட்டும் அல்ல. முந்திரிக்கு வருகிறேன், கந்தர்வக்கோட்டைக்காரன் முந்திரியைச் சொல்லாமல் எதையும் முடிக்க இயலாது. எங்கள் செம்மண் மேட்டில் பிற பயிர் தயங்கும் இடத்தில் முந்திரி நிற்கிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் ஓர் இரவில் எங்கள் தாத்தாக்கள் வைத்த மரங்களைச் சாய்த்துப் போட்ட பிறகும், எழுந்து நிற்கும் மரங்களிலும் புதிதாய் நட்டவற்றிலும் கொட்டை காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது. தஞ்சாவூர்ச் சாலையில் ஆதனக்கோட்டை வழியே போகிறவர்கள், தெருவோரத்தில் வறுத்து உடைத்த பருப்பைக் கூறுகட்டி வைத்திருக்கும் பெண்களைப் பார்த்திருப்பார்கள். கொட்டையின் ஓட்டில் ஊறும் பால் தோலைப் பொசுக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைக்க வேண்டும். ஒரு கட்டையால் ஒரே ஒரு தட்டு. பலம் கூடினால் பருப்பு பிளந்துபோகும், குறைந்தால் ஓடு திறக்காது. முழுப்பருப்பின் விலை வேறு, பிளவின் விலை வேறு, குருணையின் விலை வேறு. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தட்டுகளை அப்படி அளந்து தட்டும் ஒரு மூதாட்டியின் அருகில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பிளந்தவற்றை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

அவர் உடைத்த பருப்பு சந்தைக்குப் போனால் அதற்கு நாமகரணம் நடக்கிறது. டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்பார்கள். ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதே அந்த எண். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் பெரிது. கொல்லத்திலும் பண்ருட்டியிலும் கடல்கடந்த துறைமுகங்களிலும் அந்த எண்ணைச் சொன்னால் போதும், பருப்பைப் பார்க்காமலே விலை பேசலாம். அந்த மூதாட்டிக்கு அப்படி ஓர் எண் இல்லை. நாளைக்கு அவர் பண்ருட்டிக்குப் போய் வேலை கேட்டாலும் புதிதாய் வந்த ஆளாகத்தான் நிற்க வேண்டும். கணக்கெடுப்புக்காரர் வந்து, "தொழிற்பயிற்சி பெற்றதுண்டா?" என்று கேட்டால், "நான் எங்கே சாமி படிச்சேன்" என்றுதான் சொல்லுவார். 2023-24ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பதினைந்து முதல் ஐம்பத்தொன்பது வயதுடைய இந்தியரில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர் 4.1 சதவீதம்; எந்தப் பயிற்சியும் பெறாதவர் 65.3 சதவீதம். அந்த அறுபத்தைந்தில் என் கொத்தனாரைப் போலவும் இந்த மூதாட்டியைப் போலவும் எத்தனை பேர் கலந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது, திறன் இல்லாத தேசம் என்று நம்மை நாமே எழுதிக்கொள்ளும் வழக்கத்தின் மேல் எனக்கு ஆக்ஷேபம் உண்டாகிறது. 2015ஆம் ஆண்டின் தேசியத் திறன் கொள்கை, முறையான பயிற்சி பெற்றோர் ஜெர்மனியில் 75 சதவீதம், ஜப்பானில் 80, தென்கொரியாவில் 96, இந்தியாவில் 4.69 என்று ஒப்பிட்டுக் காட்டியது. பத்தாண்டில் நாம் அந்தப் படியிலிருந்து ஏறவில்லை. ஏற்கெனவே கற்றதை அங்கீகரித்துச் சான்று கொடுக்கும் ஒரு பிரிவு மத்திய அரசின் திறன் திட்டத்தில் உண்டுதான். அந்தச் சான்றைக் கண்டு ஐம்பது ரூபாய் கூலி கூட்டிக் கொடுத்த முதலாளியை எங்கள் பக்கத்தில் நான் சந்திக்கவில்லை. விலை இல்லாத சான்று பெட்டியில் கிடக்கும்.

திறன் அழிந்துபோன ஒரு கதையும் எங்கள் மாவட்டத்துக்கு உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் தொழில் வீட்டுக்கு வீடு நடந்தது. கடுகளவு கல்லில் பட்டைகளைக் கண்ணாலேயே கணித்து வைத்தவர்கள் அவர்கள். சீனத்து இயந்திரம் தீட்டிய கல் மலிவாக வந்து இறங்கியதும் சக்கரங்கள் நின்றன. அந்த நுட்பமான கண்ணையும் விரலையும், கடிகாரத் தொழிலுக்கோ மின்னணுத் தொழிலுக்கோ திருப்பிவிட வேண்டும் என்று அப்போது எவரும் சிரத்தை எடுக்கவில்லை. பலர் திருப்பூருக்குப் போனார்கள்; சிலர் காவற்காரர்களானார்கள்.

கைத்தொழிலை நம் ஜனங்கள் இகழ்கிறார்கள், அதனால்தான் பிள்ளையை ஐ.டி.ஐ.க்கு அனுப்பாமல் எந்தக் கல்லூரியிலாவது சேர்த்துவிடுகிறார்கள் என்று என் நண்பர்களான ஆசிரியர்கள் குறைகூறுவதுண்டு. அந்தக் குறை எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்த நாட்டில் ஒருவன் செய்யும் தொழில் அவன் பிறந்த தெருவைச் சொல்லிவிடும். இன்ன வேலை இன்ன ஜாதிக்கு என்று ஆயிரம் ஆண்டு எழுதி வைத்த சமூகத்தில், கருவியைக் கீழே வைத்துப் புத்தகத்தை எடுப்பது ஒன்றே கழுத்துக் கயிற்றை அறுக்கும் வழியாக ஏழைகளுக்குத் தோன்றியது. 1953இல் ராஜாஜி, பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, குலக்கல்வி என்று பெயர் சூட்டித் தமிழகம் கொதித்தெழுந்தது. 1954இல் காமராஜர் பொறுப்பேற்றதும் அது கைவிடப்பட்டது. அந்தக் கொதிப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். பறையர் தெருவிலிருந்து என் வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளையிடம், "நீ கொத்து வேலை கற்றுக்கொள், நல்ல தொழில்" என்று சொல்ல எனக்கு நா எழுந்ததில்லை; அதே வார்த்தையை மிராசுதார் வீட்டுப் பிள்ளையிடம் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே கைத்தொழிலுக்கு மதிப்பு வேண்டும் என்று பிரசங்கம் செய்வதில் பயனில்லை. தொழிலைக் குலத்திலிருந்து பிரித்து, பரீட்சைக்கும் படிக்கும் விலைக்கும் உட்படுத்தினால் மதிப்பு தானே வரும். எச்.பி. வெல்டரை இன்ன ஜாதி என்று யாரும் கேட்பதில்லை. அவர் பற்றவைத்த குழாயின் படத்தைத்தான் கேட்கிறார்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம், உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கி ஐ.டி.ஐ. மாணவியரையும் அதில் சேர்த்துக்கொண்ட புதுமைப் பெண் திட்டம், 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877.43 கோடி ரூபாய்ச் செலவில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதுப்பித்த பணி ஆகியவை மெய்யான காரியங்கள். அந்த நிலையங்களில் இன்று இயந்திர மனிதக் கரங்களைப் பிள்ளைகள் இயக்கிப் பார்க்கிறார்கள். நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள் என்பதும் இங்கே சொல்லத்தக்கது. என் குறை வேறு இடத்தில். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் தொழிற்சாலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதன்கீழ் 2019இல் திருத்திய விதிகள் பழகுநருக்கு மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை விதித்தன. எங்கள் ஊரில் கொத்தனாரின் நாட்கூலி ஆயிரம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. கல் மண் சுமக்கும் ஆள் அதில் பாதியாவது வாங்குவான். பத்து நாள் சுமந்தால் 5,000 கிடைக்கையில், மாதம் முழுவதும் பழகி அதே 5,000 வாங்க, கடனுள்ள வீட்டுப் பிள்ளை எப்படி வருவான்? கற்றுக்கொள்ளும் காலத்தில் அவன் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். ஜெர்மனியில் பட்டறையிலும் பள்ளியிலுமாக மூன்றாண்டு பழகும் பிள்ளைக்கு முதலாளி ஊதியம் கொடுத்துக் கற்பிக்கிறார். இத்தனை ஒழுங்கும் இருந்தும் அந்நாட்டுக்கே ஆள் போதாமல், இந்தியத் தேர்ச்சியாளருக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக்குவதாக 2024இல் அறிவித்தார்கள். ஆள் பஞ்சம் நம்முடையது மட்டும் அல்ல. நம் பிள்ளைகளுக்காக உலகமே வரிசையில் நிற்கும் காலத்தில், நாம் மட்டும் அவர்களைக் கூலி என்ற ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊரிலும் அந்த வரிசை வேறு விதமாக வந்துவிட்டது. காவிரிப் படுகையில் நாற்று நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து குழு குழுவாக ஆட்கள் வருகிறார்கள். கயிறு பிடித்தாற்போல் வரிசை பிசகாமல் அவர்கள் நடும் வேகத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம பொண்டுக நட்ட மாதிரி இல்லை" என்று முணுமுணுத்த என் அண்டை வீட்டுக்காரர், மறு ஆண்டு அவர்களுக்காகவே காத்திருந்தார். ஹோட்டலில் பரோட்டா வீசுகிற பிள்ளை பீகாரி. என் மாடிக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவர் ராஜஸ்தானத்துக்காரர். அவர்களால் நம் பிழைப்பு போயிற்று என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் எந்தக் காரணத்துக்காக இருக்கிறார்களோ அதே காரணத்துக்காக அவர்கள் இங்கே இருக்கிறார்கள். அங்கே நம்மவருக்கு எந்த மரியாதையை எதிர்பார்க்கிறோமோ அதை இங்கே அவர்களுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

என் மாடிச் சுவர் என்னவாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டாம் நாள், அந்தக் கொத்தனாரிடம் பல ஆண்டாகச் சித்தாளாக இருந்த ஒரு பெண் என்னிடம் வந்து, சற்றுத் தயங்கி நின்று, "ஐயா, நானே வெக்கட்டுங்களா? மேஸ்திரி வெக்கிறதைப் பாத்துக்கிட்டேதான் இத்தனை வருசம் நின்னேன்" என்றாள். ஆண் சித்தாள் நான்கைந்து ஆண்டில் கரண்டி பிடித்துவிடுவான். பெண் சித்தாள் கூன் விழும்வரை சட்டி சுமப்பாள் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். 1991-92இல் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்களை எழுதப் படிக்கவும் சைக்கிள் விடவும் செய்தது. பொம்பளை சைக்கிள் விடுவதா என்று கேலி பேசியவர்களின் நடுவே, இரவில் தெருவிளக்கடியில் விழுந்தெழுந்து பழகிய பெண்களை நான் தொண்டனாக நின்று பார்த்திருக்கிறேன். கட்டடமும் பாடத்திட்டமும் இல்லாமல் ஒரு மாவட்டமே ஒரு திறனைக் கற்றுக்கொண்டது. அந்தப் பழைய நினைவே என்னைச் "சரி, வை அம்மா" என்று சொல்ல வைத்தது. கொத்தனார் கூலியே கொடுத்தேன். அதற்காக உறவினர் இருவர் என்னோடு சண்டை போட்டார்கள்.

வேலை முடிந்ததும் ஒரு முழுத்தாளில் அவள் பெயர், அவள் செய்த வேலை, எத்தனை நாள், எத்தனை சதுர அடி, எப்படி நின்றது என்பதையெல்லாம் எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டுக் கொடுத்தேன். 1994 முதல் இயங்கும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவளுடைய பதிவைப் புதுப்பிக்கவும் உடன் போனேன். வீடு கட்டி முடித்த நண்பர்களே, உங்கள் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அப்படி ஒரு தாள் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அரசு ஒரு நாள் அந்தக் கைகளை அளக்க வரும்போது, காட்டுவதற்கு அவர்களிடம் ஏதாவது இருக்கட்டும்.

ஆவணியில் கூரை போட்டோம். கிழக்குச் சுவரின் மேல் பன்னிரண்டு வரி அவள் வைத்தவை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், நூல் பிசகவில்லை.